பதின்மூன்றும் பத்தும்

விண்டோஸ் கணினியில் தயாரான மழையளவு அட்டவணை ஒன்று லினக்ஸ் கணினிக்கு வருகிறது. சிஎஸ்வி கோப்பு, நிலையம், தேதி, மழை என்று மூன்று நெடுவரிசைகள், நடுவில் காற்புள்ளி. படிக்கும் நிரல் வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு வரியின் கடைசி மதிப்பையும் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுத் திரையில் காட்ட வேண்டும். [12.4] என்று வர வேண்டிய இடத்தில் ]12.4 என்று வருகிறது. மூடும் குறி முன்னால் நிற்கிறது, திறக்கும் குறியைக் காணவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஒரேயொரு பைட் செய்த வேலை இது. அதன் மதிப்பு 13. அது திரையில் எதையும் எழுதாது. எழுதும் இடத்தை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். பின்னால் வந்த மூடும் குறி அங்கே போய், முன்பே இருந்த திறக்கும் குறியின் மேல் விழுந்துவிட்டது. அந்தப் பைட் கண்ணுக்குத் தெரியாது. அது இருப்பதற்கான தடயமும் இன்னொரு எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இயந்திரத்தின் அசைவைத் திரை இன்னமும் நடித்துக் காட்டுகிறது என்பதுதான் இதில் உள்ள செய்தி.

இந்தத் தொல்லைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. யூனிக்ஸ் வழிவந்தவர்கள் வரியை 10 என்ற குறியால் முடித்தார்கள், மைக்ரோசாஃப்ட் வழிவந்தவர்கள் 13, 10 என்ற ஜோடியால் முடித்தார்கள், பழைய மெக்கின்டாஷ் வெறும் 13-ஐ வைத்துக்கொண்டது; மூவரும் உட்கார்ந்து பேசி ஒன்றை ஏற்றிருந்தால் தீர்ந்திருக்கும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். வழக்கங்கள் மூன்றாக இருந்ததால் மட்டும் தரவு கெடவில்லை. அந்த மூன்றுக்கும் நடுவே நின்று, அனுப்புகிறவரையும் கேட்காமல் பெறுகிறவரையும் கேட்காமல் ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுத்த மென்பொருள்களால்தான் பெரும்பாலும் கெட்டது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான். சிஎஸ்வியை இதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அதில் வரிமுறிவுக்கு இரண்டு வேலை: வெளியே இருந்தால் ஒரு பதிவை முடித்து அடுத்ததைத் தொடங்கும், மேற்கோள் குறிக்குள் இருந்தால் அதுவே தரவின் ஒரு பகுதி. எது எந்த வேலையில் இருக்கிறது என்பது கோப்பைப் புரிந்து படிக்கிறவருக்குத்தான் தெரியும், வழியில் நிற்கிறவருக்குத் தெரியாது.

தட்டச்சுப்பொறியில் வரி முடிந்து மணி அடித்ததும் கை ஒரே வீச்சில் இரண்டு காரியம் செய்யும். இடப்பக்கத்து நெம்புகோலைத் தள்ளினால் உருளை சுழன்று தாள் ஒரு வரி மேலேறும். அதே தள்ளலில் கேரேஜ் வலக்கோடிக்கு ஓடி, எழுத்து விழும் இடம் வரியின் தொடக்கத்துக்கு வந்துவிடும். அடிப்பவருக்கு இது ஒரே செயலாகத் தோன்றினாலும் பொறிக்கு இரண்டு. தாளை ஏற்றாமல் கேரேஜை மட்டும் பின்னால் கொண்டுபோய், அடித்த தலைப்பின் கீழேயே கோடு போடலாம்; அதே எழுத்தின் மேல் மறுபடி அடித்துத் தடிக்க வைக்கலாம். கை செய்த இந்த வேலையைக் கம்பி வழியாகத் தொலைவிலுள்ள பொறியைச் செய்யவைக்க வேண்டும் என்று வந்தபோது, அசைவுகளுக்கும் குறி தேவைப்பட்டது. பிரான்சின் எமில் போதோ 1874-இல் காப்புரிமை பெற்ற தந்திமுறை ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்புகளைக் கொண்டது. நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மர்ரே 1901-இல் அதை விசைப்பலகைக்கும் துளை நாடாவுக்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார். அதிகம் வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகள் என்று கணக்குப் போட்டார். ஐந்து துடிப்புகளில் மொத்தமே 32 சேர்க்கைகள்தான் கிடைக்கும். அந்த நெருக்கடியிலும், தாளில் எதையும் அச்சிடாத இரண்டு குறிகளுக்கு அவர் இடம் ஒதுக்கினார். ஒன்று கேரேஜைத் திருப்பும் கேரேஜ் ரிட்டர்ன், மற்றது தாளை ஏற்றும் லைன் ஃபீட். நாம் இன்று 13 என்றும் 10 என்றும் எண்ணிட்டு அழைக்கும் இரண்டும் பிறந்தது அங்கேதான்.

இரண்டும் ஏன் தனித்தனியாக நீடித்தன என்பதற்கு டெலிடைப் 33 நல்ல விளக்கம். 1963-இல் வந்த இந்தப் பொறி நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அதாவது ஓர் எழுத்துக்குப் பத்தில் ஒரு நொடி. வரியின் கடைசியிலிருந்து அச்சுத் தலை முதலிடத்துக்குத் திரும்பி வர அந்த நேரம் போதாது. திரும்பும் வழியிலேயே அடுத்த எழுத்து வந்துவிட்டால் அது தாளின் நடுவில் எங்காவது கறையாக விழும். ஆகவே முதலில் 13-ஐ அனுப்பித் தலையைப் புறப்படச் செய்துவிட்டு, அது ஓடிவரும் நேரத்தில் 10-ஐ அனுப்பித் தாளை ஏற்றினார்கள். ஜோடி எப்போதும் 13, 10 என்ற வரிசையில் வருவதன் காரணம் இதுதான். நேரத்தைச் சிக்கனமாகச் செலவிட ஒரு நல்ல பொறியாளர் போட்ட கணக்கு அது. இன்று அதை அர்த்தமற்ற சடங்கு என்று ஏளனம் செய்பவர்கள் அந்தப் பொறியின் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். சென்னை கிண்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் ஆலையின் பொறிகளும் இந்த மரபில் வந்தவையே.

1963-இல் வெளியான ஆஸ்கி தரம் இந்த இரண்டு அசைவுகளையும் எழுத்துகளோடு சேர்த்து ஒரே பட்டியலில் எண்ணிட்டது. கோளாறின் விதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்த இடத்தைக் காட்டுவேன். A என்பது ஓர் எழுத்து. கேரேஜைத் திருப்பு என்பது ஒரு கட்டளை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும், சேமித்து வைக்கும் கோப்பு எழுதப்பட்ட விஷயத்தின் பதிவா, பொறியின் அசைவுகளின் பதிவா என்ற கேள்வி எழுந்தது. எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூவரும் சேர்ந்து 1960-களின் நடுவில் தொடங்கிய மல்டிக்ஸ் திட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. கோப்பில் இருப்பது விஷயம். வரி முடிந்தது என்று சொல்ல ஒரே குறி, 10, போதும். பொறிக்கு வேண்டிய அசைவுகளைப் பொறியை இயக்கும் நிரல் பார்த்துக்கொள்ளட்டும். ஒசானாவும் சால்ட்ஸரும் 1970-இல் எழுதிய கட்டுரை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. தாளில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு வரிகள், எந்த வரிசையில் அடிக்கப்பட்டிருந்தாலும், கணினிக்குள்ளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மல்டிக்ஸின் கொள்கை. சொல்லை அடித்துவிட்டுக் கோடு போட்டாலும், கோடு போட்டுவிட்டுச் சொல்லை அடித்தாலும், உள்ளே பதிவாவது ஒன்றே.

ஆஸ்கியின் 1968-ஆம் ஆண்டுப் பதிப்பும் இதற்கு வழிவிட்டது. 10-ஐப் புதிய வரி என்ற பொருளில் பயன்படுத்தலாம், ஆனால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. 1969 அக்டோபரில் விண்ட் செர்ஃப் வலையமைப்புக்கென்று எழுதிய ஆர்எஃப்சி 20-இலும் அந்த நிபந்தனை அப்படியே இருக்கிறது. சிறிய வாசகம்தான். பின்னால் நடந்த எல்லாக் கோளாறையும் அதை வைத்து அளந்து பார்க்கலாம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மல்டிக்ஸிலிருந்து விலகிய பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அதே 10-ஐ எடுத்துக்கொண்டது. முனையத்துக்கு அனுப்பும்போது இயக்கி நிரல் 10-க்கு முன்னால் ஒரு 13-ஐச் சேர்க்கும். விசைப்பலகையிலிருந்து வரும் 13-ஐ 10 ஆக்கும். மெதுவான பொறியாக இருந்தால் கேரேஜ் வந்து சேரும்வரை சற்றுப் பொறுக்கும். இன்றைய லினக்ஸிலும் முனைய அமைப்புகளுக்கான கட்டளையின் கையேட்டில், கேரேஜுக்காகக் காத்திருக்கும் பாணிகள் 0 முதல் 3 வரை எண்ணிட்டு வரிசையாக இருக்கின்றன. கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் வேறு வழி போனது. டெக் நிறுவனக் கணினிகளின் வழக்கப்படி கோப்பிலேயே 13, 10 இரண்டையும் வைத்தது. நினைவகம் மிகச் சிறியதாக இருந்த கணினிகளில் கோப்பை எந்த மாற்றமும் செய்யாமல் நேரே அச்சுப்பொறிக்குத் தள்ளிவிட முடிவது பெரிய வசதி. 1981-இல் எம்எஸ்-டாஸ் அதைப் பின்பற்றியது, விண்டோஸ் அதன் வாரிசானது. ஆப்பிள் II-இன் ரிட்டர்ன் விசை 13-ஐத் தந்தது. 1984-இன் மெக்கின்டாஷும் அதிலேயே நின்றது. 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் யூனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறியபோது 10-க்கு வந்தது. மூன்று முடிவுகளிலும் மடமை எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் ஒழுங்காகவே நடந்தது.

வீட்டை விட்டு வெளியே போனபோதுதான் தரகர்கள் வந்தார்கள். டெல்நெட் நெறிமுறை இதைக் கவனமாகவே கையாண்டது. கற்பனையான ஒரு பொது முனையத்தை நடுவில் வைத்து, வரிமுடிவு என்றால் 13, 10 என்றும், வெறும் கேரேஜ் திருப்பம் வேண்டுமானால் 13-க்குப் பின் ஒரு 0 வர வேண்டும் என்றும் விதித்தது. பொருள் இரண்டானால் எழுத்தும் இரண்டு, மயக்கத்துக்கு இடமில்லை. கோப்பு அனுப்பும் எஃப்டிபியிலோ எழுத்துக்கோப்பு முறை, இருமக்கோப்பு முறை என்று இரண்டு வைத்து, தேர்வைப் பயன்படுத்துபவர் கையில் விட்டார்கள். எழுத்துமுறையில் படத்தையோ சுருக்கக் கோப்பையோ அனுப்பிவிட்டால், அதற்குள் தற்செயலாக இருந்த 10-களும் 13-களும் வரிமுடிவாகக் கருதப்பட்டு மாற்றப்பட்டுவிடும். அப்படிக் கெட்ட கோப்புகள் எத்தனை எத்தனை என்பதற்கு, 1996-இல் முதல் பதிப்பு வந்த பிஎன்ஜி படவடிவமே சான்று. ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் இந்த எட்டு பைட்களோடு தொடங்கும்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. 137-ஐ அடுத்து வரும் மூன்றும் வடிவத்தின் பெயர் எழுத்துகள். பின்னால் வரும் 13, 10 ஒரு பொறி: வழியில் யாராவது ஜோடியை ஒற்றையாக்கியிருந்தால் இங்கேயே அகப்பட்டுக்கொள்வார்கள். கடைசி 10 எதிர்த்திசைக்கான பொறி: ஒற்றையை ஜோடியாக்கியவர் அங்கே அகப்படுவார். படம் திறக்கும் நிரல் ஒரு புள்ளியைக்கூட வரையும் முன் எட்டு பைட்களைப் பார்த்தே, தரகர் கைவைத்தாரா என்று சொல்லிவிடும். மாற்றத்தைத் தடுக்க முடியாது, கண்டுபிடிக்கவாவது செய்வோம் என்று அந்த வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள் என்றால், மாற்றம் எவ்வளவு சகஜமாக நடந்திருக்க வேண்டும்!

சிஎஸ்விக்கு அப்படியொரு தலை கிடையாது. அது திட்டமிட்டுப் பிறந்த வடிவமே இல்லை. துளை அட்டைக் காலத்தில் ஒரு பதிவுக்கு ஓர் அட்டை, 80 நெடுவரிசை. 81-ஆவது கிடையாது என்பதால் வரிமுடிவு என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் எந்த மதிப்பு எந்த நெடுவரிசையில் தொடங்குகிறது என்று எண்ணி எண்ணித் துளையிட வேண்டும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360-க்கான ஃபோர்ட்ரான் 1972-இலேயே காற்புள்ளியால் பிரித்த மதிப்புகளை ஏற்றது. எண்ணும் வேலை மிச்சமானது. தனிக்கணினிகள் வந்ததும் சூப்பர்கால்க் போன்ற விரிதாள்கள் அதைக் கையிலெடுத்தன. 1983 வாக்கில் சிஎஸ்வி என்ற பெயர் கையேடுகளில் ஏறிவிட்டது. மதிப்புக்குள் காற்புள்ளி வந்தால் மேற்கோள் குறியால் சூழ வேண்டும் என்ற வழக்கமும் கூடவே வந்தது. அந்த மேற்கோள் குறிக்குள் வரிமுறிவும் வரலாம் என்று ஆனபோது, சிஎஸ்வி வரிகளால் ஆன கோப்பாக இருப்பது முடிந்துபோனது. பார்க்க வரிகளாகத் தெரிந்தாலும் அது பதிவுகளின் கோப்பு. இதை ஏற்காமல், வரிவரியாக வெட்டுவதையே படிப்பது என்று நினைத்துக்கொண்டது அடுத்த பிழை. இத்தனைக்கும் பொது விதி என்று ஒன்று எழுத்தில் வர 2005 அக்டோபர் ஆனது. யாக்கோவ் ஷாஃப்ரானோவிச் எழுதிய ஆர்எஃப்சி 4180, அதுவரை முறையான வரையறை ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, நடைமுறையில் இருப்பதைத் தொகுத்துத் தந்தது. புழக்கத்துக்கு வந்து முப்பதாண்டுக்கு மேலான பிறகு.

ஒரு சிறு கோப்பை அருகில் வைத்துப் பார்க்கலாம். நூலகப் பட்டியல், எண், தலைப்பு, குறிப்பு என்று தலைவரி, அதன்கீழ் இரண்டு நூல்கள். முதல் நூலின் குறிப்புக் கட்டத்தில், அட்டை கிழிந்துள்ளது என்று எழுதி, ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தி, கட்டுவதற்கு அனுப்பவும் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறார்கள். எக்ஸெல் இதைச் சேமிக்கும்போது பதிவுகளின் கடைசியில் 13, 10 போடும். கட்டத்துக்குள் இருக்கும் முறிவுக்கு வெறும் 10 போடும். பதிவுகள் தலைவரியோடு மூன்று. வரிகளை எண்ணும் யூனிக்ஸ் கட்டளை நான்கு என்கிறது. அது பொய் சொல்லவில்லை, 10-களை எண்ணிச் சொல்கிறது. இந்தக் கோப்பு எழுத்துமுறையில் திறந்து மூடும் ஏதாவது ஒரு நிரல் வழியாக விண்டோஸில் போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும்போது ஜோடிகள் எல்லாம் 10 ஆகும். வெளியே போகும்போது எல்லா 10-களும் ஜோடியாகும். பதிவுமுடிவுகள் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் கட்டத்துக்குள் இருந்த 10, இப்போது 13, 10. யாரும் குறிப்பைத் தொடவில்லை, குறிப்பு மாறிவிட்டது. இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அந்த நூலின் பதிவு திருத்தப்பட்டதாக அறிவிக்கும். அந்த முறிவை அங்கே வைத்தவர் ஒரு மனிதர் என்பது தரகருக்குத் தெரியாது.

பைத்தான் மொழியின் சிஎஸ்வி தொகுதி இந்தக் கதையைச் சுருக்கமாகக் காட்டும். 2003-இல் மொழியின் 2.3 பதிப்போடு வந்த அது, எழுதும்போது எக்ஸெல் வழக்கப்படி 13, 10 ஜோடியை வைக்கும். விண்டோஸில் எழுத்துமுறையில் திறந்த கோப்பு, தன் பங்குக்கு அந்த 10-ஐ 13, 10 ஆக்கும். விளைவு 13, 13, 10. எக்ஸெலில் திறந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு வெற்று வரிசை. இரண்டு அடுக்குகளும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்தன. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. பைத்தான் 3-இன் ஆவணம் கோப்பைத் திறக்கும்போதே வரிமுடிவு மாற்றத்தை நிறுத்திவிடச் சொல்கிறது. அந்த ஒரு சொல்லை எழுத மறந்தவர்கள், பிறகு வெற்று வரிசைகளை நீக்க இன்னொரு நிரல் எழுதுகிறார்கள். அந்த நிரல், தரவில் உண்மையாகவே வெறுமையாக இருந்த வரிசைகளையும் சேர்த்து நீக்கிவிடும்.

நம் பக்கத்து எழுத்துகளை வைத்து ஒரு சான்று சொல்ல வேண்டும். யூனிகோடில் ஓர் எழுத்தை இரண்டு பைட்களாக எழுதும் யூடிஎஃப்-16 முறையில், தமிழ் எழுத்துகளின் மேல்பைட் 11. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 12. மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் 13! குஜராத்திக்கும் பஞ்சாபியின் குர்முகிக்கும் 10. பைட் பைட்டாகப் பார்த்து வரிமுடிவை மாற்றும் ஒரு தரகரிடம் யூடிஎஃப்-16 கோப்பு சிக்கினால், மலையாளத்தின் ஒவ்வொரு எழுத்தும் கேரேஜ் ரிட்டர்னாகத் தெரியும், குஜராத்தியின் ஒவ்வொரு எழுத்தும் வரிமுடிவாகத் தெரியும். தமிழின் எழுத்துகள் ஓர் எண் வித்தியாசத்தில் தப்புகின்றன. ஆனால் தமிழ்க் கோப்பிலும் உண்மையான வரிமுறிவு ஒன்றுக்கு முன்னால் ஒற்றை 13 சொருகப்பட்டுவிட்டால், இரண்டிரண்டாகப் போய்க்கொண்டிருந்த பைட்கள் ஒன்று நகர்ந்து, அதற்குப் பின்னுள்ளதெல்லாம் வேறு எழுத்துகளாகிவிடும். 1992-இல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 இந்த ஆபத்தைத் தீர்த்தது. அதில் பழைய ஆஸ்கி மதிப்பு எதுவும் வேறோர் எழுத்தின் உறுப்பாக வரவே வராது. யூனிக்ஸில் வரிமுடிவை ஒற்றைக் குறியாக வைத்த அதே தாம்ஸன்தான் இருபதாண்டு கழித்து அந்தக் குறிக்கு ஒரு காவலையும் போட்டார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

தரகர்களைக் குறைசொல்லும் இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. விதிதான் 2005-இல் வந்துவிட்டதே, எல்லோரும் 13, 10 எழுதினால் போதாதா என்று கேட்கலாம். ஆர்எஃப்சி 4180 அந்த ஜோடியைச் சொல்வது உண்மை. கூடவே, வேறு வரிமுடிவுகளும் புழங்குவதைப் படிக்கும் நிரல்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. அது தகவலுக்காக வெளியிடப்பட்ட ஆவணம். முப்பதாண்டாகச் சேர்ந்துபோன கோப்புகளைத் திருத்த அதற்கு அதிகாரம் இல்லை. மேலும், எல்லோரும் ஒரே வரிமுடிவுக்கு வந்தாலும் கட்டத்துக்குள் இருக்கும் முறிவின் கதி என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கும். இன்னொரு மறுப்பு அழகானது. ஆஸ்கியிலேயே பதிவுகளைப் பிரிக்க 30 என்றும் கட்டங்களைப் பிரிக்க 31 என்றும் தனிக் குறிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் காற்புள்ளியும் வேண்டாம், மேற்கோளும் வேண்டாம், வரிமுடிவுச் சண்டையும் இல்லை. உண்மைதான். ஆனால் அந்தக் குறிகளுக்கு விசைப்பலகையில் தனி விசை இல்லை, திருத்தியில் திறந்தால் அவை தெரியாது. சிஎஸ்வி வென்றதே, கையில் கிடைத்த எந்தத் திருத்தியிலும் திறந்து கண்ணால் பார்த்து ஒரு மதிப்பைத் திருத்திவிட முடியும் என்பதால்தான். அந்த எளிமையை விலையாகக் கொடுத்து வாங்கும் தூய்மையை யாரும் விரும்பவில்லை.

என் வாதத்தின் மையத்தையே அசைக்கும் மறுப்பு ஒன்று உண்டு. நான் குறைசொல்லும் அதே சத்தமில்லாத மாற்றத்தைத்தான் யூனிக்ஸ் முனையத்தில் ஒவ்வொரு நொடியும் செய்கிறது. அதைப் பாராட்டிவிட்டு மற்றதைப் பழிப்பது எப்படி நியாயம்? வேறுபாடு மாற்றம் நடக்கும் இடத்தில் இருக்கிறது. முனையத்தின் இயக்கிக்குப் பின்னால் இருப்பது தாளும் திரையும். மாற்றப்பட்டது அங்கே காட்டப்பட்டு முடிந்துவிடும், திரும்பக் கோப்புக்குள் வராது. கோப்பின் வாசலில் நடக்கும் மாற்றமோ சேமிக்கப்படுகிறது, அடுத்த பயணத்தில் மறுபடி மாற்றப்படுகிறது. கடிதமோ நிரலின் மூலமோ ஆனால் அது பெரிய கேடு செய்யாது என்பதை ஏற்கிறேன். அங்கே எல்லா முறிவுக்கும் ஒரே பொருள். சிஎஸ்வியில் மேற்கோள் குறியைப் படித்த பிறகுதான் முறிவின் பொருள் தெரியும், மாற்றமோ படிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

ஆகவே படிக்கிற நிரலிடம் கேட்க வேண்டியது, பைட்களை யாரும் தொடாமல் வாங்கு என்பதே. மேற்கோளுக்கு வெளியே 13, 10 வந்தாலும் தனி 10 வந்தாலும் தனி 13 வந்தாலும் பதிவு முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஜோடியை இரண்டு முடிவாக எண்ணிவிடாமல் இருந்தால் சரி. மேற்கோளுக்கு உள்ளே என்ன இருக்கிறதோ அது அப்படியே போக வேண்டும். இப்படித் தாராளமாக ஏற்பது சோம்பேறிகளை வளர்க்கும், கண்டிப்பாக மறுத்தால்தான் அனுப்புகிறவர் திருந்துவார் என்ற எதிர்வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் சிஎஸ்வியை அனுப்புகிறவர் பல வேளைகளில் பத்தாண்டுக்கு முன்பே ஓய்வுபெற்றுப் போன ஒரு கணக்கு மென்பொருள். அதைத் திருத்த யாரும் இல்லை. விண்டோஸின் நோட்பேட் தனி 10-ஐ வரிமுடிவாக ஏற்க 2018 வரை ஆனது. அதுவரை யூனிக்ஸிலிருந்து வந்த கோப்புகளை ஒரே நீண்ட வரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்டிப்பால் யூனிக்ஸ் உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கோப்பைத் திறந்தவர்கள்தான் அவதிப்பட்டார்கள். எழுதும்போது மட்டும் தாராளம் கூடாது. ஜோடியோ ஒற்றையோ, கோப்பு முழுக்க ஒன்றே. எது என்பது பெறுகிறவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 1968-இல் ஆஸ்கி கேட்ட ஒப்புதல் அவ்வளவுதான்.

விதியே தீர்க்காமல் விட்ட இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. வரிமுறிவு இரண்டு பதிவுகளுக்கு நடுவே நிற்கும் வேலியா, ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் வரும் முற்றுப்புள்ளியா? யூனிக்ஸ் மரபு முற்றுப்புள்ளி என்கிறது. 10-இல் முடியாதது அங்கே முழு வரியே இல்லை. ஆர்எஃப்சி 4180 கடைசிப் பதிவுக்கு முறிவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டையும் அனுமதித்துவிட்டது. ஒரு கோப்பைத் தனியாகப் படிக்கும்வரை இதனால் ஒன்றும் ஆகாது. ஜனவரி மழையளவுக் கோப்பையும் பிப்ரவரி கோப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்போதுதான், ஜனவரி 31-இன் 12.4-க்குப் பின்னால் எந்த இடைவெளியும் இல்லாமல் பிப்ரவரியின் முதல் நிலையத்தின் பெயர் வந்து சேரும். அந்த வரிசையில் இப்போது மூன்று கட்டங்களுக்குப் பதில் ஐந்து; மழை என்ற கட்டத்தில் ஓர் எண்ணும் ஓர் ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும்.